அக்காவின் கணினியில் தானாக வந்தவை

படிக்காமல் சரி சொல்வது எனக்குப் பிறவிக் குணம். வங்கிப் படிவமோ, சிம் கார்டு விண்ணப்பமோ, எது கைக்கு வந்தாலும் கையெழுத்துப் போடும் இடம் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். கல்யாணத்துக்கு முன் மாதா கோயிலில் நீட்டிய தாளைக்கூட அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். பங்குச் சாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஒரு தடவ படிச்சிப் பாருப்பா, ஆயுசுக்கும் ஆனது" என்றார். என் மனைவி இந்தக் குணத்தை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். "வீட்டையே எழுதிக் குடுன்னு நீட்டினாலும், எங்கங்க கையெழுத்துன்னுதான் கேப்பீங்க" என்பாள்.

2011-ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் இரண்டு முறை அப்படிச் சரி சொன்னேன். ஒன்று ஒரு கணினிக்கு. இன்னொன்று என் அக்காவுக்கு. கணினிக்குச் சொன்னதால் வந்த வினையைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான், அக்காவுக்குச் சொன்னது என்ன என்பதே எனக்கு உறைத்தது.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நடுவில் வேறு பிள்ளை இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என் தலையில் கையை வைத்து, "இவளுக்கு ஒரு தொண வேணும்னுதான் இவனப் பெத்தேன்" என்பாள். பெருமையாகத்தான் சொல்வாள். வந்தவர்களும் "கடவுள் ஒரு கதவ சாத்தினா ஒரு ஜன்னல தொறப்பாரு" என்று என்னைப் பார்த்துக் கண்கலங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன, சைக்கிள் வாங்கினால் கூடவே கொடுக்கிற பூட்டா?

தொண்ணூற்று மூன்றில் அக்காவுக்கு விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நாங்கள் இருந்தது திண்டிவனத்தில். அப்பா யோசித்தார், அம்மா அழுதாள், இரண்டே நாளில் முடிவாகிவிட்டது. எட்டாம் வகுப்பு முடித்திருந்த என்னை விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் அக்காவை ரயிலில் கூட்டிப்போய் அலுவலக வாசலில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும். மாலையில் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். என் கூட்டாளிகள், என் கபடி, என் பெஞ்சு எல்லாம் திண்டிவனத்திலேயே நின்றுவிட்டன. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கோபத்தை ரயிலில் தீர்த்துக்கொள்வேன். அக்கா என் இடது முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடப்பாள். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "வெளிய இன்னாடா தெரியுது?" என்பாள். நான் வாய்க்கு வந்ததை அளப்பேன். பேரணி தாண்டி யானை போகிறது என்பேன். விக்கிரவாண்டியில் ரயில் பாதையில் யாரோ வேட்டி காயப்போட்டிருக்கிறார்கள் என்பேன். அவள் எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள். விழுப்புரத்துக்கு முந்தின முண்டியம்பாக்கம் நெருங்கும்போது மட்டும் ஏமாற்ற முடியாது. சர்க்கரை ஆலையின் கருப்பஞ்சாற்று வாடை மூக்கில் ஏறியதும், "எந்திரிடா, யானைய எறக்கி வுட்டுட்டுப் பைய எடு" என்பாள். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும், ஆனால் மறுநாள் இன்னும் பெரிய யானையாகத்தான் விடுவேன்.

அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் ஒரு போர்டு; எந்த அறைக்கு எந்த எண், எந்த அதிகாரிக்கு வீட்டு எண், கலெக்டர் ஆபீஸ் எண், ஆஸ்பத்திரி எண் என்று நூற்றுக்கணக்கில் எல்லாம் அவள் தலைக்குள். ஒரு முறை காதில் விழுந்த எண் அவளைவிட்டுப் போகாது. பல வருடம் கழித்து ஒருநாள், மாற்றலாகிப் போய்விட்ட ஓர் அதிகாரியின் பழைய எண்ணைச் சொல்லிவிட்டு, "பாவம், இந்த நம்பர இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். எண்ணுக்குப் பாவம் பார்க்கிற ஒரே ஆள் உலகத்தில் அவள்தான் என்று கிண்டல் செய்தேன்.

நான் பன்னிரண்டாவது முடித்தபோது அவள் தனியாகப் போய்வரப் பழகியிருந்தாள். நான் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒற்றை ஷட்டர் கடை போட்டேன். அப்பா போனார், சில வருடத்தில் அம்மாவும் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ரயில் வேலை நின்றாலும் எனக்கு இன்னொரு வேலை மிச்சமிருந்தது: படித்துக் காட்டுவது. தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து பேப்பர் படிக்க வேண்டும். தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம் வரை. மணமகள் தேவை விளம்பரங்களை அக்கா இரண்டு முறை படிக்கச் சொல்வாள், "சிவப்பா இருக்கணுமாம், அடக்கமா இருக்கணுமாம், மாப்ள இன்னா செய்வானாம்?" என்று நியாயம் கேட்பாள். எனக்குத் தொண்டை காயும். பாதிப் பத்தியைத் தாண்டிக் குதிப்பேன். கண்டுபிடித்துவிடுவாள்.

கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் அவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டாது. அப்போதுதான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் அது இலவசமாகவே கிடைக்கும் என்று புதுச்சேரியில் இருந்த நண்பன் ஒருவன் சொன்னான். கடைக்குப் பழுதாகி வந்து, சொந்தக்காரரே வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு பழைய லேப்டாப் இருந்தது. பேட்டரி செத்திருந்தது, கரண்டு இருந்தால்தான் அதற்கு உயிர். அதில் லினக்ஸைப் போட்டு, திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கும் மென்பொருளை ஓடவிட்டு, அக்காவின் மடியில் வைத்தேன்.

அது பேசிய தமிழைக் கேட்டு அக்கா அரைமணி நேரம் சிரித்தாள். "வெளிநாட்டுச் சாமியார் தமிழ்ப் பூச வெக்கிற மாதிரி இருக்குதுடா." ஆனால் ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். வேகத்தைக் கூட்டக் கற்றுக்கொண்டாள். கூட்டிக் கூட்டி, கடைசியில் அது தகரத்தில் மழை கொட்டுகிற வேகத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. "மனுசன் பேசற வேகத்துல கேட்டா தூக்கம் வர்துடா" என்றாள். பேப்பர், கடிதம், அலுவலகச் சுற்றறிக்கை எல்லாம் அதுவே படித்தது. அக்கா தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு பழகினாள். நான் விடுதலையானேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். கண்டமங்கலம் பக்கத்துப் பெண். வந்த பத்து நாளில் அவளும் அக்காவும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. வீடு சின்னது: ஒரு கூடம், ஓர் அறை, சமையற்கட்டு. அக்கா கூடத்தில் படுப்பாள். மனைவிக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"விழுப்புரத்துல சிஸ்டருங்க நடத்தற ஹாஸ்டல்ல ஒரு எடம் காலியா இருக்குதாம்டா. ஆபீசுக்கு நடந்தே போய்க்கலாம். கொழந்த பொறந்தா உங்களுக்கும் எடம் பத்தாது. போய்டட்டுமா?"

நான் ஒரு கையில் ஹார்ட் டிஸ்க், ஒரு கையில் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றிருந்தேன்.

"சரிக்கா" என்றேன். கிளம்பிவிட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது மனைவி சோற்றைத் தட்டில் கொட்டிய வேகத்திலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. "அண்ணி கேட்ட ஒடனே சரின்னுட்டீங்களே?"

"அவளே கேட்டா. அவளுக்கு வசதி. தெனம் ரயில்ல போய் வர்றது பேஜாரு தானே?"

"பதினெட்டு வருசமா போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க, இப்பதான் பேஜாரா? அவங்க போறேன்னு சொல்லலங்க. போகட்டுமான்னு கேட்டாங்க. வேணான்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரல."

எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன துரத்தினேனா? நாற்பது வயது மனுஷி, சொந்தமாகச் சம்பாதிப்பவள், அவள் இஷ்டம் என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடானது.

சனிக்கிழமை மத்தியானம், அவள் கொண்டுபோவதற்காக லேப்டாப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். சின்ன டிஸ்க், நிரம்பி வழிந்தது. அக்கா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் செய்வது அவளுக்கும் தெரியட்டும் என்று குரலை நிறுத்தாமல் விட்டிருந்தேன்.

இங்கே லினக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் எந்த மென்பொருளும் தனியாக வராது. ஒன்றைக் கேட்டால், அதற்குத் தேவையான பத்து கூடவே வந்து உட்காரும். எது நாம் கேட்டு வந்தது, எது கூடவே தானாக வந்தது என்று அது உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். கேட்டு வந்ததை எடுத்துவிட்டால், அதற்காக வந்தவற்றைக் காட்டி, "இவை தானாக வந்தவை, இனி தேவையில்லை, எடுத்துவிடலாம்" என்று சொல்லும்.

அக்கா மின்னஞ்சல் பார்ப்பதில்லை. அதற்கான மென்பொருளை எடுக்கச் சொன்னேன். இதோடு இன்னொரு பெயரும் போகும் என்றது. போனால் போகட்டும் என்று சரி கொடுத்தேன். முடிந்ததும் திரையில் அந்த வழக்கமான வாசகம் வந்தது: தானாக வந்தவை, இனி தேவையில்லை. அடடா, குப்பையைத் தானே பெருக்கி ஒதுக்கித் தருகிறதே என்று மகிழ்ந்து, அவ்வளவையும் எடுக்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன். திரை நிறையப் பெயர்கள் வரிசையாக வந்தன. தொடரட்டுமா என்று கடைசியில் கேட்டது. குரல் அந்தப் பட்டியலைத் தன் மழை வேகத்தில் படிக்கத் தொடங்கியது.

"இரு, இரு, இருடா" என்றாள் அக்கா, மடித்த புடவை கையில் இருக்க.

என் விரல் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது.

எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போனது. பிறகு ஒரு பெயரின் நடுவில் நின்றுவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அது பேரும் அதுல இருந்துச்சிடா" என்றாள் அக்கா. "தன் பேரத் தானே படிச்சிச்சி. அதான் இருன்னு சொன்னேன்."

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வழக்கமான திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் உன் பெயர் என்ன என்று கேட்டு நின்றது. படம் இல்லை, பட்டன் இல்லை, குரல் இல்லை. ஒரு கடிதம் படிக்கும் மென்பொருளை எடுக்கப்போய் வீட்டையே காலி செய்திருந்தேன். "அஞ்சு நிமிசம்க்கா" என்றேன். பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் அஞ்சு நிமிஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். புடவை மடிப்பதைத் தொடர்ந்தாள்.

எனக்கு லினக்ஸ் அரைகுறை. கடையில் வருகிற கணினிகளில் அது இருக்காது. என்னென்ன போயிற்று என்று பார்க்கலாமென்றால், அந்தப் பட்டியல் திரையோடு போய்விட்டது. உள்ளே ஒரு கோப்பில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இணையத்துக்கான டேட்டா கார்டைச் செருகினேன், அது எறும்பு ஊர்வது போல இறக்கியது. நாலு மணிக்குக் கரண்டு போனது. அந்த வருடங்களில் அது ஒன்றுதான் நேரம் தவறாமல் நடந்தது.

ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். சாயங்காலம் ஹாஸ்டலில் சேர வேண்டும். குரல் இல்லாத லேப்டாப்பைக் கொடுத்து அனுப்ப முடியாது. அங்கே அவளுக்குப் பேப்பர் படிக்க யாரும் இல்லை, பழக்கமில்லாத இடம், அந்தக் குரல் ஒன்றுதான் துணை. அதையும் தொலைத்துவிட்டு நிற்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்து எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக்கறியா?" என்றாள் அக்கா.

"இன்னாத்த?"

"நேத்து படிச்சிச்சே, அந்தப் பேருங்கள."

நான் நம்பவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக, நடுவில் வரும் கோடு, கடைசியில் வரும் எண் உட்பட, டெலிபோன் போர்டில் எக்ஸ்டென்ஷன் எண் சொல்வதுபோல அலுங்காமல் சொன்னாள். நான் அவசரப்பட்டு அழுத்தியதால் பட்டியலில் பாதிதான் அவள் காதில் விழுந்திருந்தது. பிறகு எடுக்கிறேன், எடுக்கிறேன் என்று சொன்னபோது இன்னும் கொஞ்சம். மொத்தம் நாற்பத்தொரு பெயர். நான் ஒன்றைக்கூடப் படிக்காமல் தூக்கியெறிந்தவற்றில், காதில் விழுந்த அத்தனையும் அவளிடம் பத்திரமாக இருந்தன.

ஒவ்வொன்றாகத் தட்டினேன். சில வந்தன, சில தனியாக வரமாட்டேன் என்றன. இருபதாவது பெயரில் கரண்டு போனது.

செய்ய ஒன்றுமில்லை. மனைவி வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, ஒரு தட்டில் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். உரித்து உரித்து அக்கா கையில் கொடுத்தேன். ரயிலில் அப்படித்தான் கொடுப்பேன், அவளுக்கு உரிக்கத் தெரியும் என்றாலும்.

"வெளிய இன்னாடா தெரியுது?" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரும் ஒரு குழாயும் தெரிந்தன.

"யானக்கா."

"வந்து எவ்ளோ நாளாச்சி அது" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு நாளாயிற்று என்று உண்மையாகவே யோசித்தேன். லேப்டாப் வந்ததிலிருந்து இப்படி நாங்கள் அரைமணி நேரம் சேர்ந்து உட்காரவே இல்லை. நான் விட்டது பேப்பர் படிப்பதை மட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணமகள் விளம்பரத்துக்கு அவள் கேட்கும் நியாயம், நான் பத்தி தாண்டும்போது முதுகில் விழும் அடி, அலுவலகத்து வம்பு, என் கடையில் யார் வந்தார்கள் என்ற விசாரணை, எல்லாமே அந்தப் பேப்பரோடு கூடவே வந்தவை. பேப்பரை எடுத்ததும் அவையும் சத்தமில்லாமல் போயிருந்தன. யாரும் பட்டியல் போட்டுக் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் புதுச்சேரி நண்பன் போனில் கிடைத்தான். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னதும், "படிக்காம ஓகே குடுத்தியா?" என்றான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதபாரு" என்றான் அவன். "மெயிலோட சேந்து இன்னொரு பேரு போச்சின்னியே, அதான் விசயம். அந்தப் பேருக்குள்ள ஒண்ணுமே இருக்காது. காலி டப்பா. ஆனா, இவங்க எல்லாம் சேந்ததுதான் இந்தக் கம்ப்யூட்டருன்னு சொல்றது அது ஒண்ணுதான். மெயிலு போனா, எல்லாம் சேந்ததுன்னு சொன்ன வார்த்த பொய்யாய்டும்னு அதுவும் எந்திரிச்சிப் போய்டுச்சி. அது போனதும் மீதி எல்லாம், எங்கள யாரு கேட்டாங்கன்னு தெரியாம நின்னுக்கினு இருந்துச்சிங்க. நீ தொடச்சிட்ட. அந்தக் காலி டப்பாவக் கேளு, எல்லாம் தன்னால வந்துடும். வந்ததும், அந்தப் பேசற மென்பொருள, இது நான் கேட்டு வந்ததுன்னு ஒரு கட்டள குடுத்துக் குறிச்சி வெச்சிடு. அப்புறம் எது போனாலும் அதத் தொடாது." கட்டளையையும் சொன்னான்.

போனை வைத்த பிறகு அக்கா சிறிது நேரம் மல்லாட்டைத் தோலை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தக் கொரலு தானா வந்ததுன்னு எழுதியிருந்துச்சா?"

"ஆமாக்கா. கூட்டத்தோட கூட்டமா வந்தது. நான் தனியா அதக் கேக்கல."

"எனக்கு அது ஒண்ணுதான்டா கம்ப்யூட்டரே. அதப் போய் தானா வந்ததுன்னு எழுதி வெச்சிருக்குது பாரு."

எனக்கு என்ன தோன்றியதோ, வாயைவிட்டு வந்துவிட்டது. "நானும் அப்பிடி வந்தவன்தானே. உனக்குத் தொணைக்குப் பெத்தேன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லும். என்ன யாரு தனியா கேட்டாங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் முப்பத்தோரு வருடச் சிரிப்பு அது. அவள் காதுக்குத் தெரியாமல் போகுமா? முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நான் கேட்டேன்டா."

"இன்னாக்கா?"

"எனக்கு எட்டு வயசு. குகை மாதிரி கட்டியிருப்பாங்களே, அந்த மாதா கெபிக்கு ஒம்போது சனிக்கெழம தொடந்து போனா வேண்டினது கெடைக்கும்னு யாரோ சொல்லி, அம்மா என்னக் கூட்டிம்போனாங்க. மண்டி போட வெச்சி, கண்ணு கேளும்மா, மாதா கிட்ட கண்ணு கேளுன்னு அழுதாங்க. மொத வாரம் கேட்டேன். அடுத்த வாரம் யோசன வந்துச்சி. கண்ணு வந்தா அத வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னே எனக்குத் தெரியல. நான் பாத்ததே இல்லியே. ஆனா தெருவுல எல்லா வூட்லயும் சண்ட போடத் தம்பி தங்கச்சி இருந்துச்சிங்க. எனக்கு மட்டும் இல்ல. அதனால தம்பி குடுன்னு கேட்டேன். மீதி எட்டு வாரமும் அதத்தான் கேட்டேன். அம்மா கிட்ட சொல்லல. சொன்னா முதுகுத் தோல உரிச்சிருப்பாங்க."

நான் உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தேன்.

"அடுத்த வருசம் நீ பொறந்த. கண்ணுக்குப் பதிலா மாதா தொண குடுத்துட்டாங்கன்னு அம்மா அவங்களா நெனச்சிக்கினாங்க. நான் தொணைக்குன்னு கேக்கலடா. கையப் புடிச்சிக் கூட்டிம்போறதுக்குக் கேக்கல. பேப்பர் படிக்கறதுக்குக் கேக்கல. சும்மா கேட்டேன். சண்ட போட."

முப்பத்தோரு வருடம் சைக்கிளோடு வந்த பூட்டு என்று என்னை நானே நினைத்துக்கொண்டு, அதற்கான கோபத்தையெல்லாம் இவள்மேலேயே யானையாக விட்டிருக்கிறேன். கண்ணா தம்பியா என்றபோது என்னைக் கேட்டவள், செவ்வாய்க்கிழமை காலை போய்விடட்டுமா என்று கேட்டாள். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சரி என்றேன்.

"போவாதக்கா" என்றேன்.

அவள் மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"எடமெல்லாம் பத்தும். பத்தலன்னா நான் கடையில படுத்துக்கறேன். நீ போவாத."

"இதச் சொல்றதுக்கு அந்தக் கொரலு சாவ வேண்டியிருந்துச்சா?" என்றாள் அக்கா. அவள் அழுது நான் பார்த்தது அம்மா போனபோதுதான். இது இரண்டாவது முறை. மூடிய கண்களிலிருந்து நேராகக் கன்னத்தில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. நானும் துடைத்துக்கொள்ளவில்லை, அவளுக்குத் தெரியாது என்பதால் அல்ல. அவளுக்கு எப்படியும் தெரியும்.

சமையற்கட்டில் இவ்வளவு நேரம் பாத்திரச் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "அண்ணி, பெட்டியப் பிரிச்சிடட்டுமா?"

"பிரிம்மா" என்றாள் அக்கா. "ஜல்தியா பிரி. இவன் மறுபடி எதுக்காவது சரின்னுடப் போறான்."

கரண்டு வந்தது. அந்தக் காலி டப்பாவின் பெயரைக் கேட்டேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வரத் தொடங்கின. டேட்டா கார்டு சாயங்காலம் வரை எடுத்துக்கொண்டது. ஹாஸ்டல் சிஸ்டருக்குப் போன் செய்து வரவில்லை என்று அக்காவே சொன்னாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டபோது பழைய திரை வந்தது, குரலும் வந்தது. அக்கா முதல் வேலையாக வேகத்தைக் கூட்டினாள்.

நண்பன் சொல்லிக்கொடுத்த கட்டளையைத் தட்டினேன். பொத்தானை அழுத்துவதற்கு முன், என் வாழ்நாளில் முதல் முறையாக, திரையில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பிறகு அழுத்தினேன். குரல் ஒரு வரியை மழைபோலக் கொட்டிவிட்டு நின்றது.

"இன்னாக்கா சொல்லுது?"

"கேட்டு வந்ததுன்னு எழுதிக்கிச்சாம்" என்றாள்.